வீட்டு மாடியில் சோலார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பேனல் ஏறியதிலிருந்து தெருவில் ஒருவர், கல்யாண வீட்டில் ஒருவர், போனில் ஒருவர் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவரவர் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன். எல்லாமே தமிழ்நாட்டு வீட்டு இணைப்புக்கானவை. கடைக்கும் தொழிற்சாலைக்கும் விதிகள் வேறு. கட்டணக் கணக்குகள் 2024 ஜூலையில் மாறிய விகிதத்தை வைத்துப் போட்டவை.

சோலார்னா நாலு லைட்டு எரியும், அவ்ளோதானே?

2011இல் வந்த பசுமை வீடுகள் திட்டத்தில் சோலார் விளக்குகள் கொடுத்தார்கள். அதைப் பார்த்த பலருக்கு சோலார் என்றால் இன்னும் அந்த விளக்குதான் ஞாபகம். இப்போது வீடுகளில் போடுவது வேறு வகை. பேனலில் உருவாகும் மின்சாரத்தை இன்வெர்ட்டர் நம் வீட்டு 230 வோல்ட் மின்சாரமாக மாற்றி, ஈபி லைனோடு சேர்த்துவிடுகிறது. ஏசி, மோட்டார், கிரைண்டர், ஃபிரிட்ஜ் எல்லாம் அதில் ஓடும். வீட்டுக்குள் சோலாருக்கென்று தனி ஒயரிங், தனி ஸ்விட்ச் எதுவும் வேண்டாம்.

ராத்திரி என்ன பண்றது? பேட்டரி வேணுமா?

வேண்டாம். பகலில் நாம் பயன்படுத்தியது போக மிஞ்சும் மின்சாரம் ஈபி லைனுக்குப் போகிறது. இரவில் வழக்கம்போல ஈபியிலிருந்து எடுத்துக்கொள்கிறோம். போனது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று இரண்டையும் நெட் மீட்டர் தனித்தனியாகக் குறித்துவைக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் பில்.

கரண்ட் போனா எங்க வீட்ல மட்டும் எரியும்ல?

எரியாது. நல்ல வெயிலில் பேனல் பளபளவென்று நிற்கும்போதும், ஈபி சப்ளை போன மறுகணமே இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். இதைக் கேட்டதும் பலருக்கு முகம் வாடிவிடுகிறது. "அப்புறம் எதுக்கு சார் அது?" என்று கேட்டவர்களும் உண்டு.

பழுது பார்ப்பதற்காகத்தான் பெரும்பாலும் சப்ளையை நிறுத்துகிறார்கள். அந்த நேரத்தில் உங்கள் மாடியிலிருந்து லைனுக்கு மின்சாரம் போனால், கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் உயிருக்கு ஆபத்து. அதனால் சப்ளை இல்லாதபோது இன்வெர்ட்டர் நின்றே ஆக வேண்டும் என்பது கட்டாயப் பாதுகாப்பு ஏற்பாடு. இதை "பைபாஸ் பண்ணித் தரேன்" என்று யாராவது சொன்னால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கரண்ட் போனாலும் சோலார் ஓட வேண்டுமென்றால் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். செலவு நன்றாகவே ஏறும், பேட்டரியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும். அடிக்கடி நீண்ட நேரம் கரண்ட் போகும் ஊர் என்றால் யோசிக்கலாம். பில்லைக் குறைப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் பேட்டரிக்குக் கொடுக்கும் காசு திரும்பி வராது.

எங்க வீட்ல ஏற்கனவே இன்வெர்ட்டர் பேட்டரி இருக்கே, அது போதாதா?

அது வேறு, இது வேறு. பேர்தான் ஒன்று. வீட்டில் இருப்பது கரண்ட் போகும்போது லைட், ஃபேனுக்கு உதவுவது. அது அப்படியே இருக்கட்டும், இரண்டும் ஒரே வீட்டில் ஒன்றுக்கொன்று தொந்தரவு இல்லாமல் ஓடும்.

மாசம் 300 யூனிட் இலவசமா தராங்களாமே?

யாரும் தருவதில்லை. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பிஎம் சூரிய கர் திட்டத்தின் பெயரிலேயே 'முஃப்த் பிஜ்லி', அதாவது இலவச மின்சாரம், என்று இருப்பதால் வந்த குழப்பம் இது. 3 கிலோவாட் பேனல் போட்டால் மாதம் சுமார் 300 யூனிட்டுக்கு மேல் உற்பத்தியாகும். அந்த 300தான் இது. பேனலுக்கான பணத்தில் ஒரு பங்கை அரசு மானியமாகக் கொடுக்கிறது, மீதி நம் கையிலிருந்து. தமிழ்நாட்டு அரசு இரண்டு மாதத்துக்குத் தரும் 100 யூனிட் இலவசம் தனி. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

எங்களுக்கு ரெண்டு மாசத்துக்கு ஐந்நூறு ரூபாய்க்குள்ளதான் பில் வருது. போடலாமா?

வேண்டாம் என்பதுதான் என் பதில். சோலார் கம்பெனிக்காரர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம். ஆனால் கணக்கு அப்படித்தான் சொல்கிறது.

நம் ஊர்க் கட்டணத்தில் எல்லா யூனிட்டுக்கும் ஒரே விலை இல்லை. இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500க்குள் இருந்தால் அடுத்த நூறு இரண்டரை ரூபாய்க்கும் குறைவு, அப்புறம் 400 வரை ஐந்து ரூபாய்க்குள், 400 முதல் 500 வரை ஆறு ரூபாய் சொச்சம். 500ஐத் தாண்டினால் எட்டு ரூபாய்க்கு மேல், 600க்கு மேல் ஒன்பது, 800க்கு மேல் பத்து, 1000க்கு மேல் பதினொன்று என்று ஏறிக்கொண்டே போகும். சோலார் யூனிட்கள் முதலில் கழிப்பது இந்த மேல் பகுதியைத்தான். லாபம் அங்கேதான் இருக்கிறது.

இரண்டு மாதத்துக்கு 250 யூனிட் ஓடும் வீட்டை எடுத்துக்கொள்வோம். பில் 470 ரூபாய் வாக்கில் வரும். 1 கிலோவாட் போட்டால் அது முழுவதும் மறைந்துவிடும். ஆனால் ஆண்டுக்கு மிச்சம் மூவாயிரத்துக்கும் குறைவு. மானியம் போக நாற்பதாயிரம் கைப்பணம் போட்டிருந்தால் அதை எடுக்கவே 14 ஆண்டு ஆகும். நடுவில் இன்வெர்ட்டரையும் ஒருமுறை மாற்ற வேண்டி வரலாம்.

1000 யூனிட் ஓடும் வீட்டில் கதையே வேறு. பில் ஏறக்குறைய 7,000 ரூபாய். 3 கிலோவாட் பேனல் இரண்டு மாதத்தில் 720 யூனிட் தந்தால் பில்லுக்கு வருவது 280 யூனிட்தான், 600 ரூபாய்ச் சொச்சம். ஒரே பில்லில் ஆறாயிரத்துக்கு மேல் மிச்சம். மழை, குளிர் மாதங்களில் பயன்பாடு குறையும் என்று கழித்துப் பார்த்தாலும் போட்ட பணம் நாலைந்து ஆண்டில் வந்துவிடும். பேனலுக்கு உற்பத்தி உத்தரவாதமே பொதுவாக 25 ஆண்டு.

இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள், கடைசி ஆறு பில்களை எடுத்துவைத்து, எத்தனை பில் 500ஐத் தாண்டியிருக்கிறது என்று பாருங்கள். ஒன்றிரண்டுதான் என்றால் அடுத்த பதில் போதும். நாலைந்து என்றால் சோலார் பற்றி யோசிக்கலாம்.

சோலார் இல்லாம பில்லக் குறைக்க வழி இருக்கா?

இருக்கிறது. பேனல் போடுபவர்களும் இதை முதலில் செய்துவிட்டால் சின்ன பேனலே போதும்.

500 யூனிட் எல்லையைக் கவனியுங்கள். மொத்தம் 500ஐத் தாண்டியதும், இரண்டாவது நூறுக்குக் கிடைத்த சலுகை விலையும் போய்விடும். 500 யூனிட் என்றால் பில் சுமார் 1,800 ரூபாய், 510 என்றால் 2,100. பத்து யூனிட்டுக்கு முந்நூறு ரூபாய்! ரீடிங் எடுக்க ஒரு வாரம் இருக்கும்போது மீட்டரை ஒருமுறை எட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

அடுத்தது ஃபேன். பழைய ஃபேன் 75 வாட் வரை இழுக்கும், குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதுவகையான பிஎல்டிசி ஃபேன் 30 வாட்டில் அதே காற்றைத் தரும். நாலு ஃபேன் தினம் 12 மணி நேரம் ஓடும் வீட்டில் இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 130 யூனிட் மிச்சமாகும். அரை கிலோவாட் பேனல் தருவதற்கு இது சமம். மாடியில் இடமும் தேவையில்லை, ஈபி ஆபீஸ் படி ஏறவும் வேண்டாம். தமிழ்நாட்டில் ஆண்டு முழுக்க ஃபேன் சுற்றுவதால், எல்.இ.டி. பல்பை விட இதைத்தான் முதலில் சொல்வேன்.

ஏசியை 24க்கோ 26க்கோ வைத்து ஃபேனையும் சேர்த்து ஓட்டுங்கள். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் சொல்லும் கணக்கு. குளியலறை கீசர் 2 கிலோவாட், அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் என்றால் சோலார் வாட்டர் ஹீட்டரைத் தனியாக யோசிக்கலாம்.

எத்தனை கிலோவாட் போடணும்? எவ்ளோ இடம் ஆகும்?

நம் பக்கத்தில் ஒரு கிலோவாட், ஆண்டுச் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 240. உங்கள் ஆண்டுச் சராசரி பில்லில் எத்தனை யூனிட் இருக்கிறதோ, அதை 100 - 200க்குக் கொண்டுவந்தால் போதும். பூஜ்யமாக்க வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். முதல் நூறு எப்படியும் இலவசம், இரண்டாவது நூறும் மலிவு. அவற்றைக் கழிக்கப் பேனல் வாங்குவது வீண். ஆண்டுக் கணக்கு முடியும்போது மிச்ச யூனிட்டுக்குப் பெரிய தொகை வரும் என்று நம்பியும் அதிகம் போட வேண்டாம்.

ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத 100 சதுர அடி தேவை. 3 கிலோவாட் என்றால் இப்போது வரும் பெரிய பேனல்களில் ஆறு. உங்கள் இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட லோடையும் பில்லில் பார்த்துக்கொள்ளுங்கள். சோலார் அதைவிட அதிகமானால் லோடை உயர்த்த வேண்டியிருக்கும். 10 கிலோவாட் வரை தொழில்நுட்ப ஆய்வு இல்லாமலே விண்ணப்பத்தை ஏற்க வேண்டும் என்று 2024இல் விதி திருத்தப்பட்டுவிட்டது.

மொத்தம் எவ்ளோ ஆகும்? மானியம் எவ்ளோ?

3 கிலோவாட்டுக்கு ஒன்றேமுக்கால் லட்சத்திலிருந்து இரண்டு லட்சத்தைத் தாண்டியும் சொல்வார்கள். பேனல் பிராண்டு, ஸ்டாண்டின் உயரம், ஒயர் தூரம் இவற்றைப் பொறுத்தது. 2025 செப்டம்பரில் சோலார் கருவிகளுக்கான ஜிஎஸ்டி 12லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முந்தைய கொட்டேஷனை வைத்துப் பேசாதீர்கள்.

பிஎம் சூரிய கர் மானியம் முதல் 2 கிலோவாட்டுக்கு, கிலோவாட்டுக்கு 30,000. மூன்றாவதுக்கு 18,000. ஆக 3 கிலோவாட்டுக்கு 78,000, அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் அதேதான். இந்தியாவில் தயாரான செல், பேனலுக்கு மட்டுமே மானியம். கொட்டேஷனில் 'டிசிஆர்' (உள்நாட்டுத் தயாரிப்பு என்பதற்கான குறி) என்று எழுதி வாங்குங்கள், வெளிநாட்டுப் பேனல் மலிவாகக் கிடைத்தாலும் மானியம் வராது. கைப்பணம் இல்லையென்றால் பொதுத்துறை வங்கிகள் இதற்கென்றே பிணை இல்லாத கடன் தருகின்றன.

மானியத்தக் கழிச்சுட்டு மீதி மட்டும் குடுங்கன்னு ஒருத்தர் சொல்றாரு. நம்பலாமா?

மானியம் உங்கள் வங்கிக் கணக்குக்கு நேரடியாகத்தான் வரும், அதுவும் பேனல் ஏறி, நெட் மீட்டர் மாட்டி, எல்லாம் சரிபார்த்த பிறகு. வெண்டர், அதாவது பேனல் போட்டுத் தருபவர், முன்கூட்டியே கழித்துக்கொள்கிறார் என்றால், அந்தப் பணம் வந்ததும் தனக்குத் தரச் சொல்கிறார் என்று அர்த்தம். எழுத்தில் இல்லாமல் இதற்குச் சம்மதிக்காதீர்கள். ஓடிபி கேட்டால் பேச்சையே நிறுத்திவிடுங்கள்.

திட்டத்தின் தேசிய இணையதளத்தில் உங்கள் மின் இணைப்பு எண்ணைக் கொண்டு நீங்களே பதிவு செய்யலாம். பதிவுபெற்ற வெண்டர்களின் பட்டியலும் அங்கேயே இருக்கிறது. வாட்ஸாப்பில் வரும் 'இலவச சோலார்' லிங்க் எதையும் தொட வேண்டாம். குறைந்தது மூன்று கொட்டேஷன் வாங்குங்கள். ஐந்து ஆண்டு பராமரிப்பு வெண்டர் பொறுப்பு, அதற்குத் தனியாகக் காசு கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.

ஈபி கனெக்‌ஷன் இன்னும் தாத்தா பேர்ல இருக்கு. பரவாயில்லையா?

முதலில் பெயர் மாற்றம் செய்துவிடுங்கள். விண்ணப்பம், ஈபி பில், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர் ஒத்துப்போக வேண்டும். பேனல் மாட்டி மாதக்கணக்கில் மானியம் வராமல் நிற்பவர்களை விசாரித்தால், பாதிப் பேருக்கு இந்தப் பெயர்ச் சிக்கல்தான்.

பக்கத்து வீட்டுத் தென்னை மர நிழல் கொஞ்சமா விழுது. அதனால என்ன ஆகும்?

நிழல் கொஞ்சம்தான், ஆனால் நஷ்டம் கொஞ்சம் இல்லை. பேனல்களை வரிசையாக ஒன்றோடொன்று இணைத்திருப்பார்கள். அந்த வரிசையில் ஒன்றின் மேல் நிழல் விழுந்தால் மற்றவற்றின் உற்பத்தியும் சேர்ந்து இறங்கும். காலை எட்டு மணிக்கு முன் விழும் நிழல் பரவாயில்லை. பத்திலிருந்து மூன்று மணிக்குள் தண்ணீர்த் தொட்டி, மரம், செல்போன் டவர் நிழல் விழுந்தால் இடத்தை மாற்றுங்கள். முடியாவிட்டால் ஒவ்வொரு பேனலுக்கும் தனியாக மைக்ரோ இன்வெர்ட்டர் வைக்கலாம், விலை கூடும். பேனல் தெற்குப் பார்த்து, 10 டிகிரியை ஒட்டிய சாய்வில் இருப்பது நம் ஊருக்குச் சரி.

மே மாசம் வெயில் கொளுத்துதே, அப்பதானே நிறைய வரும்?

வெளிச்சம்தான் மின்சாரமாகிறது, சூடு இல்லை. 25 டிகிரிக்கு மேல் பேனல் சூடாகும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். உச்சி வெயிலில் பேனலைத் தொட்டால் கை சுடும். அதனால் வானம் தெளிவாகவும் சூடு குறைவாகவும் இருக்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்கள்தான் அருமை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் நன்றாக இறங்கும். கார்த்திகையில், உற்பத்தியைக் காட்டும் மொபைல் ஆப்பைப் பார்த்துப் பதறாதீர்கள்.

புயல் வந்தா பறந்துடாதா?

2016 வர்தா சென்னையிலும், 2018 கஜா டெல்டாவிலும் செய்ததைப் பார்த்தவர்கள் இதைக் கேட்பது நியாயம். பறந்தால் பெரும்பாலும் ஸ்டாண்டோடுதான் பறக்கும். ஆகவே கேள்வியை ஸ்டாண்டைப் பற்றிக் கேளுங்கள். சென்னைக்கான அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர், என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. அதைத் தாங்கும் வடிவமைப்பா என்று எழுத்தில் கேளுங்கள். கம்பி துத்தநாகம் பூசியதாக இருக்க வேண்டும், வெறும் பெயின்ட் அடித்த இரும்பு கடலோரத்தில் சீக்கிரமே துருப்பிடிக்கும்.

கீழே துணியும் வடாமும் காயப்போட வசதியாக எட்டடி உயரத்தில் ஸ்டாண்ட் கேட்கிறார்கள். கேளுங்கள், ஆனால் உயரம் கூடக் கூடக் காற்றின் பிடியும் செலவும் கூடும். இடி தாங்கியும் முறையான எர்த்தும் இல்லாமல் வேலையை முடிந்ததாக ஏற்காதீர்கள்.

எத்தனை நாளைக்கு ஒருதரம் கழுவணும்?

கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும், மழைக்காலத்தில் மழையே பார்த்துக்கொள்ளும். அதிகாலையில் அல்லது மாலையில் கழுவுங்கள். சூடான கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றக்கூடாது. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் வெள்ளைப் படிவம் பிடிக்கும், துணியால் உடனே துடைத்துவிட வேண்டும்.

பகல்லதான் வாஷிங் மெஷின், மோட்டார் எல்லாம் போடணுமாமே?

நெட் மீட்டர் வீட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பகலில் ஏற்றுமதியான, அதாவது ஈபி லைனுக்குப் போன, யூனிட்டும் இரவில் எடுத்த யூனிட்டும் நேருக்கு நேர் கழிந்துவிடும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு நேரத்துக்கு ஒரு விலை என்ற முறையும் இல்லை.

ஆப்ல 700 யூனிட்னு காட்டுது, பில்லுல 420தான் கழிச்சிருக்காங்க. ஏமாத்துறாங்களா?

இல்லை. ஆப் காட்டுவது மொத்த உற்பத்தி. அதில் 280 யூனிட் பகலில் உங்கள் வீட்டிலேயே செலவாகிவிட்டது. அது நெட் மீட்டர் வரை போகவே இல்லை. மீதி 420தான் ஏற்றுமதி. இரவும் மழை நாளும் சேர்த்து 600 யூனிட் ஈபியிலிருந்து எடுத்திருந்தால், 600இல் 420 போக 180க்கு பில் வரும். அந்த 280 யூனிட்டும் உங்கள் லாபம்தான், பில்லில் தெரியவில்லை, அவ்வளவே. நெட்வொர்க் கட்டணம் என்று ஒரு வரி இருந்தாலும் திகைக்க வேண்டாம். 2021இல் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்தது அது.

கீழ ஒரு மீட்டர், மாடியில ஒரு மீட்டர். ரெண்டுக்கும் சேர்த்துப் போடலாமா?

ஒரு சோலார் அமைப்பு ஒரு மின் இணைப்போடுதான் சேரும். கீழே மிஞ்சியதை மாடி பில்லில் கழிக்க முடியாது. ஆகவே எந்த மீட்டரில் 500ஐ அதிகம் தாண்டுகிறதோ, அதில் போடுங்கள். மாடியில் வாடகைக்கு விட்டிருந்தால் அவர்கள் மீட்டரில் போடுவது அவர்களுக்குத்தான் லாபம்.

அபார்ட்மெண்ட்ல இருக்கோம். எங்களுக்கு வழியே இல்லையா?

மொட்டை மாடி எல்லோருக்கும் பொது என்பதால் தனி வீட்டுக்காகப் போடுவது சிரமம். சங்கத்தின் தீர்மானம் வேண்டும், பேனலை வைக்கும் மூலைக்கே சண்டை வரும். அதைவிட லிஃப்ட், தண்ணீர் மோட்டார், பொது விளக்கு ஓடும் பொது மீட்டருக்குப் போடுவது சுலபம். லிஃப்ட் உள்ள குடியிருப்பில் அந்த மீட்டருக்கு முதல் நூறு இலவசம் கிடையாது, யூனிட்டும் எட்டு ரூபாய்க்கு மேல். அதனால் முதல் யூனிட்டிலிருந்தே லாபம். குடியிருப்புச் சங்கங்களுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 மானியம் உண்டு. பராமரிப்புத் தொகை குறைந்தால் எல்லோருக்கும் குறையும், கூட்டத்தில் பேசவும் எளிது.

நல்ல வெயில்ல, மத்தியானம் இன்வெர்ட்டர் அடிக்கடி நின்னு நின்னு ஓடுது. பேனல் கெட்டுப்போச்சா?

பேனலாக இருக்க வாய்ப்பு குறைவு. இன்வெர்ட்டர் திரையில் வரும் பிழைச் செய்தியைப் படியுங்கள். வோல்டேஜ் அதிகம் என்று காட்டினால் சிக்கல் லைனில். மத்தியானம் தெருவில் பயன்பாடு குறைவாக இருக்கும், உங்கள் பேனலோ முழு வேகத்தில் தள்ளிக்கொண்டிருக்கும். அப்போது வோல்டேஜ் எல்லையைத் தாண்டினால், கரண்ட் போனால் நிற்கிற மாதிரியே பாதுகாப்புக்காக இன்வெர்ட்டர் நின்றுவிடும்.

முதலில் இன்வெர்ட்டரிலிருந்து மீட்டர் வரை போகும் ஒயரின் தடிமனை வெண்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். மெல்லிய ஒயர், நீண்ட தூரம் என்றாலே வோல்டேஜ் ஏறும். இன்வெர்ட்டர் ஓடாத நேரத்திலும் மீட்டரில் வோல்டேஜ் அதிகமாகவே இருந்தால் ஈபி ஆபீசில் எழுதிக் கொடுங்கள், டிரான்ஸ்ஃபார்மரில் சரிசெய்ய முடியும். பல நாட்களின் மத்தியான நேர வோல்டேஜை ஆப்பிலிருந்து படம் எடுத்து இணைத்தால் வேலை சீக்கிரம் நடக்கும். இன்வெர்ட்டர் அமைப்பில் வோல்டேஜ் எல்லையை ஏற்றிவிடச் சொல்லி மட்டும் வெண்டரிடம் கேட்காதீர்கள், வீட்டு ஃபிரிட்ஜும் டிவியும் அதே வோல்டேஜில்தான் ஓடுகின்றன.